குண்டெறிபவளுக்குக் கூழ்

மேழம் (சித்திரை) 3, வியாழன்

அடுக்களையில் கூடியிருக்கும் ஏனங்களே! பானைகளே, சட்டிகளே, அகப்பைகளே! உங்கள் முன் ஒரு முறையீட்டை வைக்கிறேன். முறுக்கை நொறுக்கியும் நெஞ்செலும்பைக் கடித்தும் பதினாறு வயது வரை வளர்ந்த என் மகள் எயினியின் வாயில் இன்று கம்பி கட்டிவிட்டார்கள். கட்டியதோடு விட்டார்களா? மேற்பல்லும் கீழ்ப்பல்லும் மோதிக்கொள்ளாதிருக்கக் கடைவாய்ப் பற்களின் மேல் நீல நிறத்தில் பசைமேடு ஒன்றையும் வைத்துவிட்டார்கள். பல்லைப் பல் தொடவில்லை என்றால் எதை மெல்லுவது? எப்படி மெல்லுவது?

"கொஞ்ச நாளைக்கு எல்லாமே லிக்விடாதான் குடுக்கணும். ஆனா சத்தா குடுங்கம்மா. வெறும் ஜூஸைக் குடுத்து ஏமாத்திடாதீங்க" என்றார் பல் மருத்துவர் நஸ்ரின்.

நான் யாரை ஏமாற்றுவேன்? என்னையே இந்த அடுக்களை ஏமாற்றிக்கொண்டிருக்கிறது. உப்பு எந்தப் புட்டியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே மாலையாகிவிட்டது. இவ்வீட்டில் சமையல் என் கணவர் அறவாழியின் துறை. சுவரொட்டிகளில் 'அனற்சொல் அங்கயற்கண்ணி' என்று என் பெயர் வரத் தொடங்கிய நாளிலிருந்து அவர் அடுப்பையும் நான் மேடையையும் பார்த்து வருகிறோம். இருவருக்கும் அதில் நிறைவுதான். அந்த மனிதர் இன்று விடியற்காலை கோவைக்குப் போய்விட்டார். அவருடைய அண்ணனுக்கு இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. உடனிருந்து பார்க்க ஆளில்லை. ஒரு திங்களாவது ஆகும்.

இதே திங்களின் கடைசியில் எயினிக்கு ஒரு தேர்வு. ஏட்டுத் தேர்வு அன்று. பத்தாம் வகுப்பை அவள் எழுதி முடித்துவிட்டாள். இது குண்டு எறிதல். தேறினால் வெளியூர் விளையாட்டு விடுதியில் தங்கிப் பதினொன்றாம் வகுப்பும் பயிற்சியும் பெறலாம். அவளுக்கு அதைத் தவிர வேறு பேச்சே இல்லை. பயிற்சியாளர் ஸ்டெல்லா கைப்பேசியில் அழைத்துக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "மேடம், குண்டைத் தள்றது கை இல்ல, உடம்பு. வெயிட் இறங்குச்சுன்னா குண்டு அவ கால்மேலயே விழும். பாத்துக்குங்க."

பார்த்துக்கொள்கிறேன் என்று முழங்கினேன். முழங்குவது எனக்கு எளிது.

மேழம் 4, வெள்ளி

கேழ்வரகுக் கூழ் காய்ச்சினேன். கட்டி தட்டிவிட்டது. எயினி ஒரு கட்டியைக் கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள். கழுத்தோடு ஒட்டிப் பிடித்தாள். எறியப்போகிறவளைப் போல முழங்காலை மடித்தாள்.

"கிரிப்பு நல்லா இருக்கும்மா. இன்னும் நாலு சேத்தா பிராக்டிஸுக்கே எடுத்துட்டுப் போகலாம்."

வலியில் அவளால் சிரிக்க முடியவில்லை. ஆனாலும் சிரித்தாள், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மேழம் 6, ஞாயிறு

அறவாழியிடம் கைப்பேசியில் பாடம் கேட்டேன்.

"மாவை முதல்ல பச்சத் தண்ணியில கரைச்சியா, அங்கை?"

"கொதிக்கிற தண்ணியில நேரடியா கொட்டினேன்."

"கொட்டினியா? அது என்ன துண்டறிக்கையா, கூட்டத்துல கொட்டுறதுக்கு? கரைச்சு, கிண்டிக்கிட்டே ஊத்தணும். கையை எடுக்கக் கூடாது. பேசிக்கிட்டே கிண்டாத. பேசுனா உனக்குக் கை நின்னுரும்."

உண்மைதான், பேசும்போது என் வலக்கை தானாக மேலெழுந்துவிடும். வாயை மூடிக்கொண்டு கிண்டினேன். கூழ் பட்டுப்போல் வந்தது. பிறகு அவர் சொன்னபடியே முளைகட்டிய பச்சைப்பயற்றை வேகவைத்து மின்னம்மியில் அரைத்து வடிகட்டினேன். (எயினி அதனை மிக்சி என்பாள். நான் இருக்கும்போதே வேண்டுமென்று உரக்கச் சொல்வாள்.) ஊறிய நிலக்கடலையை அரைத்துப் பால் பிழிந்தேன்.

நிலக்கடலையின் பெருமை பற்றி உணவு மேசையில் ஒருசில சொல் பேசினேன். ஏழையின் தசையை வளர்த்த பயிர் அது, மானாவாரி மண்ணின் கொடை அது, என்று தொடங்கி உழவர் போராட்டம் வரை வந்திருந்தேன். அப்போது எயினி ஒரு தாள் துண்டை மேசை மேல் தள்ளினாள்.

மேடையில் பேச்சு நீண்டுவிட்டால் தலைவர் இருக்கையிலிருந்து இப்படித்தான் ஒரு துண்டுச் சீட்டு வரும். 'முடித்துக்கொள்ளவும்' என்றிருக்கும். அத்தகைய சீட்டுகளை நான் கசக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டு மேலும் அரைமணி பேசியிருக்கிறேன். இன்றைய சீட்டில் 'முடித்துக்கொள்ளவும். பால் ஆறுது' என்றிருந்தது.

முடித்துக்கொண்டேன்.

மேழம் 8, செவ்வாய்

நிலக்கடலைப் பால், முருங்கைக்கீரைச் சாறு, முட்டை கலக்கிய பருப்பு நீர், வாழைப்பழம் அடித்த தயிர். எல்லாம் தீர்ந்தன. அடுக்களையில் யாருமில்லை, எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

மேழம் 9, புதன்

சமையற்கலை அறவாழிக்கு உரியது என்றால் மேடைக்கலை எனக்கு உரியது. அதிலிருந்து எயினிக்கு உதவும் ஒன்றை இன்று எடுத்துக்கொண்டேன். நெடுநேரம் பேசுகிற நாங்கள் வெப்பக்குடுவை ஒன்று வைத்திருப்போம். பாலில் பனங்கற்கண்டும் மிளகும் இட்டிருப்போம். அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டால் பயனில்லை. கைதட்டல் எழும்போதெல்லாம் ஒரு மிடறு. இதுதான் முறை. இதனால்தான் விடியும் வரை தொண்டை தாங்கும், உடலும் சோராது.

எயினியால் ஒரே வேளையில் நிறையக் குடிக்க முடியவில்லை. வயிறு திம்மென்று ஆகிவிடுகிறது, பயிற்சியில் குனிய முடியவில்லை என்கிறாள். ஆகவே என் குடுவையையே அவளிடம் கொடுத்தேன். "கொஞ்சம் கொஞ்சமா, நாள் முழுக்கக் குடி. ஒவ்வொரு எறிக்கும் ஒரு மிடறு" என்று சொல்லி அனுப்பினேன். பனங்கற்கண்டைச் சற்றுத் தாராளமாகவே இட்டேன். வளரும் பிள்ளை.

கரூரிலிருந்து கூட்டத்திற்கு அழைத்தார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். கட்டவில்லை, வேறொரு நாள் பேசிக்கொள்ளலாம்.

அடுத்த தெருப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை தொடங்கிவிட்டதென்று பலகை வைத்திருக்கிறார்கள். கீரை வாங்கப் போன வழியில் சும்மா உள்ளே நுழைந்து பார்த்தேன். பெரிய திடல். வேப்பமரங்கள் நல்ல நிழல் தருகின்றன. எவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. சேர்க்கைக்குக் கடைசி நாள் எது என்று மட்டும் கேட்டேன்.

மேழம் 12, சனி

எதிர்வீட்டு ரகுமத்து அக்காவின் மகனுக்கு நிச்சயம். ஒரு பெரிய தூக்கு நிறையப் பிரியாணி வந்தது. எயினி மூடியைத் திறந்து முகத்தை உள்ளே விட்டாள். நெடுநேரம் எடுக்கவில்லை.

"அம்மா, அரைச்சுக் குடு."

"பிரியாணியையா?"

"பயறை அரைச்ச, கீரையை அரைச்ச, கடலையை அரைச்ச. இது மட்டும் என்ன பாவம் செஞ்சுது?"

"அரைத்தால் அது பிரியாணி ஆகாது, எயினி. அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டியிருக்கும்."

"நீ பெயர் வை. நான் குடிக்கிறேன்."

அரைத்தேன். எலும்பையும் பட்டையையும் நீக்கி, வெந்நீர் விட்டு, இருமுறை வடித்துத் தந்தேன். செம்மண் குழைத்த நிறம். அவள் ஒரு மிடறு குடித்துக் கண்ணை மூடினாள்.

"கறி தெரியுது. கிராம்பு தெரியுது. புதினாகூட தெரியுது. ஆனா எல்லாம் தனித்தனியா தெரியுதும்மா. பிரியாணி எங்கயோ எதிர்வீட்லயேதான் இருக்கு."

சொல்லிவிட்டு முழுவதையும் குடித்தாள். நானும் ஒரு குவளை குடித்தேன். இவள் உண்பதையே நானும் உண்டு வருகிறேன். இரண்டு வகை சமைக்கும் திறமை எனக்கு இல்லை. அதைத் தவிர வேறு கரணியம் இல்லை. எதிர்வீட்டு அக்கா வேலிக்கு அப்பாலிருந்து, "எப்டி இருந்துச்சு?" என்று கேட்டார். "மிகச் சிறப்பு" என்றேன். எயினிக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

ஸ்டெல்லா எடைப்பொறியில் நிறுத்தினாராம். குறையவில்லை, சற்றுக் கூடியிருக்கிறதாம். நல்லது. தேர்வு நாளைத் தள்ளிவைப்பார்களா என்று கேட்டேன். அப்படி ஒரு பேச்சே இல்லையாம்.

மேழம் 15, செவ்வாய்

மருத்துவர் நஸ்ரின் எயினியின் உதட்டை விலக்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் அப்படி இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

"பாப்பா, நாள் பூரா என்ன குடிக்கிற?"

எயினி என்னைப் பார்த்தாள். வாயில் கண்ணாடி இருந்ததால் அவளால் விடை சொல்ல முடியவில்லை. நான் சொன்னேன். குடுவையைப் பற்றியும் பனங்கற்கண்டைப் பற்றியும் கைதட்டலுக்கு ஒரு மிடறு என்னும் முறையைப் பற்றியும் விரிவாகவே சொன்னேன்.

"ஐயோ, அம்மா! நல்ல விஷயமெல்லாம் குடுத்துட்டு இதை ஏன் குடுத்தீங்க? தொண்டைக்கு வேணா நல்லது. பல்லுக்கு இல்ல. இங்க பாருங்க, கம்பியைச் சுத்தி வெள்ளையா திட்டு விழ ஆரம்பிச்சிருக்கு. ஈறு எல்லாம் வீங்கியிருக்கு. இனிப்பை ஒரேயடியா குடிச்சிட்டு வாய் கொப்புளிச்சா பரவால்ல. சொட்டுச் சொட்டா குடிச்சா பல்லு காலைலேர்ந்து சாயந்திரம் வரைக்கும் அதுலயே ஊறுது."

"பனங்கற்கண்டு இயற்கையானது அல்லவா?"

"கிருமிக்கு அது தெரியாதும்மா."

முப்பது ஆண்டு மேடையில் இப்படி ஒரு மறுமொழியை நான் எதிர்கொண்டதில்லை. அமர்ந்துவிட்டேன்.

கையுறையைக் கழற்றிக்கொண்டே அவர் மேலும் சொன்னார்: "அடுத்த வாரத்துக்குள்ள ஈறு ஆறணும். ஆறலைன்னா கம்பியைக் கழட்டி, முதல்ல ஈறைச் சரி பண்ணி, மறுபடி மாட்டணும். அப்படின்னா ஹாஸ்டல் எல்லாம் இந்த வருஷம் வேண்டாம். அங்க யாரு பாத்துப்பாங்க? இங்கயே என் கண்ணு முன்னாடி, உங்க கண்ணு முன்னாடி இருக்கட்டும்."

அதைக் கேட்டதும் என் நெஞ்சில் எதுவோ இலகுவாயிற்று. காலையிலிருந்து கூழ் மட்டுமே உண்டிருந்ததால் தலை சுற்றியிருக்கலாம்.

எயினி அழவில்லை. வீட்டுப் படியேறும்போது, "நீ வேணும்னு செய்யலம்மா, எனக்குத் தெரியும்" என்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லையே!

மேழம் 16, புதன்

குடுவையைக் கழுவிக் கவிழ்த்துப் பரணில் ஏற்றிவிட்டேன். இனி வேளைக்கு வேளை உணவு, ஒரே அமர்வில் குடித்து முடிப்பது, உடனே வாய் கொப்புளிப்பது, பின் துலக்குவது. வயிறு திம்மென்றாகாமல் இருக்கக் குறைந்த அளவில் அடர்த்தியாகத் தரவேண்டும். நீரைக் குறைத்தேன். பருப்போடு கோழிக்கறியை வேகவைத்து நெய்விட்டு அரைத்தேன். உப்பிட்ட தயிரில் வெந்த முட்டையின் வெண்கருவை அடித்தேன். (கேட்பதற்கே கொடுமை, குடிப்பதற்கு அவ்வளவு கொடுமையில்லை.)

கம்பிகளுக்கிடையே நுழைக்கும் சிறு தூரிகையால் எயினி துலக்குகிறாள். கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நான் உள்ளே நோக்குகிறேன்.

"இடப்பக்கம் மேலே. இன்னும் மேலே. அங்கே ஒரு கீரைத் துணுக்கு ஒளிந்திருக்கிறது."

"ஒளியலம்மா, ஒட்டியிருக்கு. அதுக்கு என்ன கொள்கையா இருக்கு?"

இரவு உணவின்போது முகத்தைச் சுளித்தாள். கல் உப்புச் சுவையே எத்தனை நாளைக்கு, ஒரு குவளையாவது இனிப்பாகத் தா என்றாள். என் கை பனங்கற்கண்டுப் புட்டியை நோக்கிப் போயிற்று. ஒரு குவளைதானே. ஒரு குவளையால் ஈறு ஆறாமலா போய்விடும்? போனாலும்தான் என்ன?

புட்டியை எடுத்துப்போய் ரகுமத்து அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் ஏன் என்று கேட்டார். எங்கள் வீட்டில் எறும்பு என்று சொன்னேன்.

மேழம் 18, வெள்ளி

மே நாள். உறையூர்க் கடைத்தெருவில் கூட்டம். உள்ளூர்க் கூட்டம் என்பதால் தட்ட முடியவில்லை. எயினியையும் அழைத்துப் போனேன். அவளுடைய மாலை உணவைத் தூக்கில் எடுத்துக்கொண்டு போனோம். முன்வரிசையில் அமர்ந்தாள்.

தலைப்பு, உழைக்கும் பெண்கள். நன்றாகவே வந்தது. "பெற்றோரே! உங்கள் மகள் படி தாண்டுவதைத் தடுக்கும் கை எது? பகைவரின் கையா? இல்லை! அன்பு என்னும் பெயரில் நீளும் உங்கள் கையே! பாதுகாப்பு என்பீர்கள். உடல்நலம் என்பீர்கள். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்பீர்கள். எத்தனை அடுத்த ஆண்டுகளில் எத்தனை பெண்கள் புதைந்து போனார்கள்!" கைதட்டல் அடங்கவே இல்லை. முன்வரிசையில் எயினி கைதட்டவில்லை. கன்னத்தில் கைவைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது தொண்டர் ஒருவர் மேடைக்கு ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்தார். தலைமை தாங்கிய முதியவர் அதைப் பிரித்துப் படித்தார், விழித்தார், ஒலிவாங்கி திறந்திருப்பதை மறந்து என்னிடம், "என்னம்மா இது, 'தூக்கு இறுகிக் கெடக்கு, திறக்க முடியல, வந்து திறந்து குடு'ன்னு எழுதியிருக்கு? ஏதாவது ரகசியச் செய்தியா?" என்று கேட்டார். கடைத்தெரு முழுவதும் அது ஒலித்தது.

"இல்லை, ஐயா. என் மகளின் பருப்பு" என்றேன்.

கூட்டம் சிரித்த சிரிப்பில் ஒலிபெருக்கி விசிலடித்தது. என் பேச்சு வாழ்வில் முதன்முறையாக, ஒதுக்கிய நேரத்திற்கு முன்பே முடித்துக்கொண்டு கீழிறங்கித் தூக்கைத் திறந்தேன். எயினி மேடைக்குப் பின்னால் நின்று ஒரே அமர்வில் குடித்து, சோடாக்கடைக்காரரிடம் தண்ணீர் கேட்டு வாய் கொப்புளித்தாள். நான் கைவிளக்கைப் பிடித்தேன். எங்களுக்குப் பின்னால் அடுத்த பேச்சாளர் என் வரிகளையே திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேழம் 19, சனி

காலையில் பருப்பு கடைந்துகொண்டிருந்தேன். எயினி கதவில் சாய்ந்து நின்றாள்.

"நேத்துப் பேசுனது எல்லாப் பொண்ணுங்களுக்கும்தானே?"

"ஆமாம்."

"அதுல நான் இருக்கேனா?"

"உனக்கு முதலில் ஈறு ஆற வேண்டும்."

"ஆறுனா?"

பருப்பு முழுக் கருத்தையும் கோரும் பண்டம். நான் அதன்மேல் கண்ணாக இருந்தேன்.

"அம்மா, நீ எந்த ஊருக்குக் கூட்டத்துக்குப் போனாலும் அப்பா கட்டுச்சோறு கட்டிக் குடுப்பாரு. போகாதன்னு ஒரு தடவையாவது சொல்லியிருக்காரா?"

"இல்லை."

"அவருக்கு நீ போறது பிடிக்குமா?"

இதை நான் அவரிடம் கேட்டதில்லை. மாலையில் கைப்பேசியில் கேட்டேன். "புளிச்சோறு கிளறும்போது பிடிக்காது. நீ பேசுறதைக் கேக்கும்போது பிடிக்கும்" என்றார். அதற்கு மேல் அண்ணனுக்கு மாத்திரை கொடுக்கும் நேரம் வந்துவிட்டது.

மேழம் 24, வியாழன்

ஈறு ஆறிவிட்டது. வெள்ளைத் திட்டுகளும் பரவவில்லையாம். மருத்துவர் நஸ்ரின் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஜெயிச்சிட்டீங்கம்மா. ஹாஸ்டலுக்குத் தாராளமா அனுப்பலாம்" என்றார். பசைமேடு இன்னும் இரண்டு திங்கள் இருக்குமாம். அதுவரை அரைத்த உணவுதான்.

வரும் வழியில் எயினிக்குப் பயணப்பை பார்த்தோம். கடை கடையாக ஏறி இறங்கினோம். எனக்கு எதுவும் சரியாகப்படவில்லை. ஒன்றின் பிடி வலுவில்லை. ஒன்றின் நிறம் சரியில்லை. கடைசியில் அவளே ஒன்றை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துவிட்டாள்.

மேழம் 27, ஞாயிறு

தேர்வு. நல்ல வெயில். கோழியும் பருப்பும் சேர்த்து அரைத்ததை இரண்டு தூக்குகளில் கொண்டுபோனேன். பக்கத்தில் அமர்ந்திருந்த பெண்மணி, "எம்பொண்ணு காலைல ஏழு இட்லி சாப்டா. உங்க பொண்ணு?" என்று கேட்டார். "ஏழு இட்லியைக் குடித்துவிட்டு வந்திருக்கிறாள்" என்றேன். அவர் சற்று நகர்ந்து உட்கார்ந்தார்.

முதல் எறி கோட்டை மிதித்ததால் செல்லவில்லை. இரண்டாவது எறி குறைவு. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. இப்படியே முடிந்தால் இவள் நாளை முதல் வேப்பமரத் திடலுக்குப் போவாள், மாலையில் வீட்டுக்கு வருவாள், நான் கூழ் வைத்திருப்பேன்.

எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. "எயினி! மண்ணை உதை! தோளைத் திற! உன்னைத் தடுக்க எவர் இருக்கிறார்?" என்று கத்தியிருக்கிறேன். திடலின் மறுகோடியில் ஓட்டத்திற்குக் குனிந்து நின்ற பிள்ளைகள் அதைக் கேட்டுப் புறப்பட்டுவிட்டார்களாம். நடுவர் ஓடிவந்து, "மேடம், மைக் இல்லாமயே இப்படியா? உக்காருங்க, இல்லன்னா வெளிய போங்க" என்றார்.

உட்கார்ந்தேன். மூன்றாவது எறி எல்லாருடைய குறியையும் தாண்டி விழுந்தது. புல்லில் ஒரு குழி. எயினி வாயை முழுதாகத் திறந்து சிரித்தாள். அத்தனை கம்பியும் வெயிலில் மின்னியது.

மேழம் 30, புதன்

பெயர் வந்துவிட்டது. எயினி வீட்டுக்குள் ஓடினாள், வெளியே ஓடினாள், எதிர்வீட்டுக்குள் ஓடினாள். நான் பருப்பு வெந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுப்பைப் பற்றவைத்திருக்கவில்லை.

விடை (வைகாசி) 18, திங்கள்

அறவாழி போன கிழமை திரும்பிவிட்டார். என் கூழைக் குடித்துப் பார்த்து, "கட்டி இல்ல" என்றார். அவருடைய வாயிலிருந்து வரும் பெரும் பாராட்டு அது. இன்று மூவரும் விடுதிக்குப் போனோம். இதைத் திரும்பும் பேருந்தில் எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது.

விடுதி தூய்மையாக இருந்தது. கட்டில் நன்று; திடல் மிக நன்று. உண்ணும் கூடத்தில்தான் சிக்கல். நண்பகல் உணவு சப்பாத்தி, கொண்டைக்கடலை, எலும்போடு கோழி. கம்பியை முந்தாநாள்தான் மேலும் முறுக்கியிருந்தார்கள். எயினி சப்பாத்தியைப் பிய்த்துக் குழம்பில் ஊறவைத்து, ஊறவைத்து, தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரைத்துத் தர முடியுமா என்று பொறுப்பாளர் லீலாவதியிடம் கேட்டேன்.

"நூறு பிள்ளைங்களுக்கு ஒரே சமையல் மேடம். ஒருத்திக்குன்னு தனியா முடியாது. மிக்சி ஒண்ணு இருந்துச்சு, ரிப்பேராகி ஸ்டோர் ரூம்ல கெடக்கு." அவர் கெட்டவர் அல்லர். எயினியைப் பார்த்து அவருக்கும் இரக்கமாகத்தான் இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "ஒண்ணு செய்யுங்களேன். இந்த வருஷம் வீட்டுல வெச்சு நல்லாப் பாத்துக்குங்க. கம்பி கழட்டினப்புறம் அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க. நானே மேல சொல்லி எடத்தைப் பிடிச்சு வைக்கிறேன். நீங்களா கேக்கல, நாங்களா சொன்னதா இருக்கட்டும்."

எவரும் என்னைக் குறைசொல்ல முடியாத வழி. பேருந்தில் மூன்று இருக்கை, மாலைக்குள் வீடு. அறவாழி என்னைப் பார்த்தார். எயினி என்னைப் பார்க்கவில்லை. ஊறிய சப்பாத்தியை விழுங்கினாள். கண்ணில் நீர் முட்ட, அடுத்த துண்டை எடுத்தாள்.

நான் எழுந்து கூடத்தின் நடுவே போய் நின்றேன். பேசியதை இங்கே அப்படியே எழுதிவைக்கிறேன்; இனி வேறெந்த மேடையிலும் இதைப் பேசப்போவதில்லை.

"தட்டேந்தி அமர்ந்திருக்கும் பெண்மக்களே! ஓடுபவளே, தாண்டுபவளே, எறிபவளே! விடுதிப் பொறுப்பாளரே! அடுத்த ஆண்டு என்றீர்கள். அன்பால் சொன்னீர்கள், நன்றி. ஆனால் அந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை. அதை ஏற்றுக்கொள்ள எனக்கு எவ்வளவு விருப்பம் என்பது உங்களுக்குத் தெரியாது. இவளை இங்கிருந்து அழைத்துப் போக இவ்வுலகில் மிகவும் விரும்புபவள் நான்தான். அதனால்தான் சொல்கிறேன்: இவள் வரமாட்டாள். திரும்பும் பேருந்தில் நானும் என் கணவரும் மட்டுமே ஏறுவோம். இன்று இவளுக்குப் பல். நாளை இன்னொருத்திக்குக் காய்ச்சல், வேறொருத்திக்கு வயிற்றுவலி. மெல்ல முடியாதவள் இவ்விடுதியில் வாழ முடியாது என்றால், இது வலியவர்க்கு மட்டும் ஆன வீடா? பருப்பு உங்கள் அண்டாவில் இருக்கிறது. முட்டை இருக்கிறது. கீரை இருக்கிறது. ஆகவே பொருளறைப் பூட்டைத் திறவுங்கள். அந்த மின்னம்மியை வெளியே எடுங்கள். பழுதுபார்க்கத் தெரிந்தவரை அழையுங்கள். அவர் வரும் வரை ஆட்டுக்கல்லில் அரையுங்கள். என் கணவர் கற்றுத் தருவார், என் மகள் கைகொடுப்பாள். மாலை வரை பொறுக்க வேண்டாம். எழுந்திருங்கள், இப்போதே அரையுங்கள்!"